பயமுறுத்தாத ஒரு படம்

பச்சை வண்ணம் அடித்த ஓர் இரும்பு கேட். அதன்மேல் காகிதப்பூக் கொடி. வெளியே வரிசையாகக் கழற்றி விடப்பட்ட செருப்புகள். சுங்கை பூலோவில், செடி விற்கும் தோட்டங்களைத் தாண்டிப் போனால் வரும் ஒரு பங்களாவின் வாசல் அது. எங்கள் எடிட்டிங் திரையில் அந்தக் காட்சி ஓடியபோது அதற்கடியில் நான் ஒரு சத்தத்தை வைத்திருந்தேன். ஆபீஸ் ஃபிரிட்ஜின் உறுமலைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ மூச்சு விடுவதுபோல் ஆக்கியிருந்தேன். என் பார்வையில் அது ஒரு மகத்தான படைப்பு. டைரக்டர் அக்கா ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏன்டா சவுண்டு, இந்த கேட்டுக்கு வயித்து வலியா?" என்று கேட்டார்.

உள்ளே ஏதோ விபரீதம் நடக்கிறது என்று பார்ப்பவனுக்கு முன்கூட்டியே ஓர் அச்சம் வர வேண்டாமா, இந்த மாதிரிப் படங்களில் எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள் என்று நான் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். "உள்ள போனவங்களுக்கு இந்தச் சத்தம் கேட்டுச்சா? கேட்டிருந்தா போயிருப்பாங்களா? அவங்களுக்கு என்ன கேட்டுச்சோ அதை வை" என்றார். அந்த வாசலில் நின்று எடுத்த என் பதிவுகளில் தேடினேன். கரண்டி பாத்திரத்தில் மோதும் ஓசை, மரத்தில் மைனாக்கள், தூரத்தில் இரண்டு பெண்கள் ஒரு பாட்டைப் பழகிக்கொண்டே சிரிப்பது. அதை வைத்ததும் கேட் மாறிவிட்டது. திறந்து உள்ளே போய் ஒரு வாய் சாப்பிட்டு வரலாம் போலிருந்தது. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

எங்கள் ஆபீஸ் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மேல்மாடியில் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அக்கா டைரக்டர், ஒரு கேமராக்காரர், நான் சவுண்டு. எனக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு, வங்கிக்காரர்கள் மட்டும் அதைச் சொல்லி அழைப்பார்கள். கல்யாண வீடியோவும் காதணி விழாவும் எடுத்துப் பிழைத்தோம். அந்தப் பிழைப்பில் மிஞ்சியதை வைத்து அக்கா தனக்குப் பிடித்த ஆவணப்படங்களை எடுத்தார். "இல்லம்" என்று தங்களை அழைத்துக்கொண்ட அந்தப் பச்சை கேட் கூட்டத்தைப் பற்றியும், "ஐயா" என்று அவர்கள் வணங்கிய மனிதரைப் பற்றியும், அவரை நம்பி வீட்டை விட்டுப் போனவர்களைப் பற்றியும் படம் எடுக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது நான் துள்ளிக் குதித்தேன். ஏனென்றால் அந்தத் துறையில் நான் நிபுணன். சோபாவில் படுத்து, வறுத்த மேகி கோரேங் நூடுல்ஸ் தட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு, உலகத்தில் உள்ள அத்தனை போலிச் சாமியார்களைப் பற்றிய தொடர்களையும் பார்த்தவன் நான். முதல் பாகம் முடிவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவேன். "எப்படித்தான் இவ்வளவு முட்டாளா இருக்காங்களோ!" என்று திரையைப் பார்த்துக் கத்துவேன். என் மனைவி சமையலறையிலிருந்து, "ஷாப்பிங் மால்ல லக்கி டிராவுக்குப் பேர் எழுதிப் போட்டுட்டு, போன் வரும்னு ஒரு வாரம் குளிக்கும்போதுகூட போனைக் கீழ வைக்காத ஆளு பேசுற பேச்சா இது?" என்பாள். அந்த உதாரணம் இங்கே தேவையில்லாதது.

அக்கா இதையெல்லாம் பார்க்கவே மாட்டார். ஏமாந்தவர்கள் என்ற சொல்லை எங்கள் ஆபீஸில் யாரும் உச்சரிக்கக் கூடாது. "இன்னைக்கு ஏமாறப் போறேன்னு யாராச்சும் சட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்புவாங்களா? பாட்டு கத்துக்கப் போனாங்க, முதுகு வலிக்கு மூச்சுப் பயிற்சி செய்யப் போனாங்க, வீட்ல பேச ஆளில்லாம போனாங்க. அங்கேர்ந்து ஆரம்பி" என்பார். பேட்டி எடுக்க உட்கார்ந்தால் அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அங்க என்ன சாப்பாடு?" முதல் தடவை கேட்டபோது, அக்காவுக்குத்தான் பசி போல என்று நினைத்து நான் கறிபாப் பலகாரப் பெட்டியை நீட்டினேன். பிறகுதான் அந்தக் கேள்வியின் வேலை புரிந்தது. ஐயா உங்களை என்ன செய்தார் என்று கேட்டால் மனிதர்கள் வாயை இறுக்கிக்கொள்கிறார்கள். சாப்பாட்டைக் கேட்டால் தோள் தளர்கிறது. தக்காளி சோறு என்று தொடங்குவார்கள். யார் சமைத்தது, யார் முதல் பந்தி, யாருக்குக் கடைசிப் பந்தி, கடைசிப் பந்திக்கு என்ன மிஞ்சும், யாரை ஒரு நாள் முழுக்க உண்ணாமல் உட்கார வைத்தார்கள், அன்று தான் ஏன் எதிர்த்துப் பேசவில்லை. சோற்றிலிருந்து எல்லாம் வந்துவிடும். அழுகையும் வரும். அக்கா நடுவில் ஒரு சொல்கூடப் பேசமாட்டார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. எந்த இடத்தைப் படமெடுக்கிறோமோ அங்கே குழுவில் எல்லாரும் ஒரு தடவையாவது கருவி எதுவும் இல்லாமல், யார் என்பதை மறைக்காமல், சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். கேமராக்காரர் போனார், தூங்கிவிட்டு வந்தார். அக்கா போனார், ஐயாவிடம் பேட்டி கேட்டார், மறுக்கப்பட்டார். அடுத்த வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு என் முறை. போகும் வழியெல்லாம் காரில் ஐயாவின் குரலில் பேசிப் பழகிக்கொண்டு போனேன், திரும்பி வந்து நண்பர்களைச் சிரிக்க வைக்க.

கூடத்தில் ஐயா பேச ஆரம்பித்ததும் மைக் கத்தியது. ஊளை என்றால் சாதாரண ஊளை இல்லை, பல்லெல்லாம் கூசியது. ஸ்பீக்கரை மைக்குக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். எக்கோ பொத்தானை முழுசாகத் திருகியிருந்தார்கள். ஐயா "அன்பு" என்றால் அது "பு பு பு" என்று சுவரெல்லாம் சுற்றி வந்தது. சொர்க்கத்துக்கு வழி சொல்பவரைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஸ்பீக்கரைத் தப்பான இடத்தில் வைப்பவரைப் பொறுக்க முடியாது. கால் தானாக எழுந்தது. முன்னால் போய் ஸ்பீக்கர்களை நகர்த்தினேன், எக்கோவைக் குறைத்தேன், ஆடிக்கொண்டிருந்த ஒயரை இறுக்கினேன். ஐயா மறுபடி பேசினார். தேன் மாதிரி வந்தது குரல். கூட்டமே பெருமூச்சு விட்டது. பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் கண் கலங்கி, "உங்க கை பட்ட பிறகுதான் ஐயா குரல் நெஞ்சுக்குள்ள இறங்குது, அன்பரே" என்றார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்தில் சவுண்டுக்காரனை யாரும் பாராட்டுவதில்லை. நன்றாக இருந்தால் பாடகரைப் பாராட்டுவார்கள். மைக் கத்தினால் மண்டபமே திரும்பி என்னை முறைக்கும். என் தொழில் வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் கண் கலங்கியிருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை சீக்கிரமே போய்விட்டேன், ஒயரைச் சரிபார்க்க மட்டும். அதற்கடுத்த வாரம் என் சொந்த சவுண்டு மிக்சரை வீட்டிலிருந்து எடுத்துப் போனேன், தற்காலிகமாக. அவர்கள் எனக்கு "நாத சேவகர்" என்று ஒரு பெயர் வைத்தார்கள். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வெள்ளை ஜிப்பா ஒன்று வாங்கினேன். அது எனக்குப் பொருந்தவில்லை. தலையணை உறைக்குள் புகுந்த பலாப்பழம் போலிருந்தேன். ஆனால் அங்கே எல்லாரும் "ஒளி தெரியுது அன்பரே" என்றார்கள். நானும் தெரிகிறது என்றே நினைத்தேன்.

மிக்சரைக் காணவில்லை என்று கண்டுபிடித்த என் மனைவி அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். நான் தயாராகத்தான் போனேன், எல்லாம் படத்துக்காகத்தான், உள்ளே ஊடுருவி உண்மையைக் கண்டறிகிறேன் என்று. அக்கா ஜிப்பாவைப் பார்த்தார். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்ததும் கேட்டார்: "அங்க என்ன சாப்பாடு?"

அவ்வளவுதான், நானும் கொட்டிவிட்டேன். தக்காளி சோறு. நாத சேவகருக்கு முதல் பந்தி, தட்டில் கூடுதலாக ஒரு வடை. ஒரு வியாழக்கிழமை பெட்டாலிங் ஜெயாவில் கல்யாண வேலை இருந்ததால் போகவில்லை. அடுத்த வாரம் போனபோது யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, வடையும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்த எண்ணம், அடுத்த வாரம் இன்னும் சீக்கிரம் போக வேண்டும் என்பதுதான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உடைந்தது. ஒரு வடைக்காக. சோபாவில் படுத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்பு எழுதியவன். அக்கா சிரிக்கவில்லை. "எழுந்திரிக்காத, அப்படியே இரு" என்று சொல்லிவிட்டு, என் சட்டையில் அவரே மைக்கை மாட்டினார். "படத்துல முதல் ஆளு நீதான்" என்றார்.

படத்தில் எனக்கு அடுத்து வர வேண்டிய ஆள்தான் கிடைக்காமல் இருந்தார். கிள்ளானில், ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தாமான் குடியிருப்பில் இருந்த ஆன்டி. டியூஷன் டீச்சர். இல்லத்தில் சில வருடங்கள் இருந்துவிட்டு வெளியே வந்தவர். அவருடைய ஒரே மகள் இன்னும் உள்ளே, சமையலறைச் சேவையில் இருந்தாள். "நான்தான் கையைப் புடிச்சு கூட்டிட்டுப் போனேன். நான் வந்துட்டேன், அவ வரல" என்று வாசலிலேயே சொன்னார். எங்களுக்கு முன்பு ஒரு குழு வந்து, முகத்தைக் காட்டமாட்டோம் என்று சத்தியம் செய்து பேட்டி எடுத்து, இருட்டு இசையோடும் சிவப்பு எழுத்தோடும் இணையத்தில் போட்டிருக்கிறது. முகத்தை மறைத்தார்கள், குரலை மறைக்கவில்லை. மகள் அதைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டிருந்த போன் அன்றோடு நின்றது. "இன்னொரு படம் வந்தா அவ கேட்டையே சாத்திடுவா. டீ குடிங்க, பேட்டி வேணாம்" என்றார் ஆன்டி.

அக்கா வற்புறுத்தவில்லை. டீயைக் குடித்தார். பிறகு, "ஆன்டி, எங்க சவுண்டு கதையை மட்டும் கேளுங்க" என்று என்னைத் தள்ளிவிட்டார். நான் ஸ்பீக்கரில் தொடங்கி ஜிப்பா வரைக்கும் சொன்னேன். நாத சேவகர் என்றதும் ஆன்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த பிஸ்கட் தொண்டையில் அடைத்துக்கொண்டது. "நாத சேவகரா! எனக்கு என்ன பேரு வச்சாங்க தெரியுமா? ஞான தீபம்! டியூஷன் பிள்ளைங்க எனக்கு வச்ச பேரு சிங்கம். சிங்கத்தைக் கொண்டுபோய்த் தீபமா ஏத்தி வச்சுட்டாங்க லா!" அவர் சிரித்துச் சிரித்துக் களைத்துப் போனார். வெளியே வந்ததிலிருந்து இதைப் பற்றி யாரோடும் சிரித்ததில்லையாம். அழுதிருக்கிறார், திட்டு வாங்கியிருக்கிறார், சிரிக்கவில்லை. பிறகு அவரே கேமராவைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ஒரு நிபந்தனை சொன்னார். "என் மக இதைப் பார்ப்பா. பார்த்துட்டு அவளை முட்டாளாக்கிட்டோம்னு நினைக்கக் கூடாது. இந்த வீட்டுக் கதவு பூட்டலைன்னு மட்டும் அவளுக்குத் தெரியணும். முடியுமா?" அக்கா, "முடியலைன்னா படத்தை வெளிய விடமாட்டேன்" என்றார்.

நான் அக்காவை மெச்சுவதற்கு முக்கியக் காரணம் அதற்குப் பிறகு நடந்தது. இல்லத்தை அவர் மன்னித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது, வீடுகளை எழுதி வாங்கியது, உண்ணாமல் உட்கார வைத்தது எல்லாமே படத்தில் இருந்தன, சொன்னவர்களின் வாயாலேயே. எதையும் அவர் உரக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். படத்தை வாங்க ஒரு நிறுவனம் முன்வந்தது. அம்பாங்கில் குளிரூட்டிய அறையில் ஓர் இளைஞர் படத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் அருமை, ஆனால் இன்னும் கொஞ்சம் பயம் வேண்டும், இந்தக் குண்டு அங்கிள் வரும் பகுதியை எடுத்துவிடலாம், அந்த ஆன்டி அழுகிற இடத்தில் படத்தைத் தொடங்கலாம் என்றார். குண்டு அங்கிள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அக்கா, "தம்பி, அந்தம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன். அந்தக் குண்டு அங்கிள் இல்லைன்னா என் படமும் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். லிப்டில் இறங்கும்போது, "அக்கா, என்னை வெட்டினாகூடப் பரவாயில்ல" என்றேன். "உனக்காக இல்லடா. உன்னைப் பார்த்துச் சிரிச்ச பிறகு மத்தவங்களைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது" என்றார். பணத்துக்காக அந்த ஆண்டு நாங்கள் எடுத்த காதணி விழாக்களைப் பார்த்தால் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு காதையும் விட்டுவைக்கவில்லை என்று தெரியும்.

கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சங்க மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்களே திரையிட்டோம். அக்கா சுங்கை பூலோவுக்குப் போய்ப் பச்சை கேட்டில் மணியடித்து அவர்களுக்கும் அழைப்பு வைத்துவிட்டு வந்தார். "அவங்களைப் பத்தின படம், அவங்க பார்க்க வேணாமா?" என்றார். யாரும் வரமாட்டார்கள் என்று நான் பந்தயம் கட்டினேன். விளக்கு அணைகிற நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. வெளிர் மஞ்சள் சேலையில் பெண்கள் சிலர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தியை எனக்குத் தெரியும். முதல் பந்தியில் என் தட்டில் வடை வைத்தவள். ஆன்டியின் மகள் அவள்தான் என்பது கிள்ளான் வீட்டில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்திருந்தது. முன்வரிசையில் இருந்த ஆன்டி திரும்பிப் பார்க்கவில்லை.

படம் ஓடியது. ஜிப்பா வந்த இடத்தில் மண்டபம் சிரித்தது. கடைசி வரிசையிலும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு ஆன்டி வந்தார். "அவ சமைக்கிற சோறு அங்க எல்லாருக்கும் பிடிக்கும். நான் பொய் சொல்லமாட்டேன், அவ அங்க சந்தோஷமா இருந்த நாளும் உண்டு. எனக்கு அவகூடச் சாப்பிடணும், வேற ஒண்ணும் வேணாம்" என்று திரையில் சொன்னார்.

படம் முடிந்து ஆன்டி மேடையில் உட்கார்ந்தார், காலரில் மைக்கோடு. நான் மண்டபத்தின் பின்பக்கம் மிக்சருக்குப் பின்னால். அதை அக்கா இல்லத்துக்கு நேரில் போய்க் கேட்டு மீட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒருவர் எழுந்து, "டீச்சர், படிச்சவங்க நீங்க, எப்படி இப்படி?" என்று ஆரம்பித்தார். ஆன்டி பதில் சொல்வதற்குள் கடைசி வரிசையிலிருந்து மகள் எழுந்து நடந்தாள். மேடையில் ஏறினாள். கை கூப்பினாள். "வணக்கம், அன்னையே" என்றாள். இல்லத்தில் எல்லாரும் பேசும் அந்தப் பஞ்சு மாதிரிக் குரல். ஆன்டியின் மைக் அதைப் பிடித்து மண்டபம் முழுக்கக் கேட்க வைத்தது. ஆன்டியின் முகம் சுருங்கியதை நான் அங்கிருந்தே பார்த்தேன். மகள் கூப்பிய கையைப் பிரித்தாள். இன்னும் ஓரடி நெருங்கிக் குனிந்தாள். வாய் திறந்தது.

நான் சத்தத்தை அடியோடு இறக்கினேன்.

மண்டபமே திரும்பி என்னை முறைத்தது. "சத்தம் வரல லா!" "அலாமா, சவுண்டு தூங்கிட்டானா?" என்று கத்தினார்கள். ஒருவர் என் தலையில் தட்டுவதற்கே வந்தார். ஹெட்போன் மேசைமேல்தான் இருந்தது. போட்டிருந்தால் எனக்கு மட்டும் கேட்டிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மேடையில் மகள் எதையோ வேகவேகமாகச் சொன்னாள், கையை ஆட்டிச் சண்டை போட்டாள், ஆன்டியும் கையை ஆட்டினார். இரண்டு பேரும் அழுதார்கள். கேமராக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை மட்டும் அசைத்தார், அவர் கேமராவைக் கீழே இறக்கினார். என் தொழிலில் நான் தவறவிட்ட மிகச் சிறந்த பதிவு அது. அக்கா என்னைக் கடந்து போகும்போது, "இன்னைக்குத்தான்டா நல்ல சவுண்டு போட்டே" என்றார். வேறு எந்தப் பாராட்டும் இதுவரை எனக்கு ஒட்டியதில்லை.

வேன் ஹாரன் அடித்தது. படமாக இருந்திருந்தால் வேன் போக, மகள் நின்றிருப்பாள். அவள் வேனில் ஏறிப் போனாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் அவளே கோமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அப்படி வருவதும் போவதுமாக இருந்தாள். ஒரு தடவை வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று ஆன்டி கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அக்கா சொல்லி வைத்திருந்தார்.

இந்தத் தீபாவளிக்கு நாங்கள் எல்லாரும் கிள்ளானுக்குப் போயிருந்தோம். அக்காவுக்கு இப்போது முடி நன்றாக நரைத்துவிட்டது. பூச்சோங்கில் ஏதோ பணம் இரட்டிப்பாகும் கூட்டத்தில் சேர்ந்தவர்களைத் தேடிப் பிடித்து என்ன சாப்பாடு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சமையலறையில் மகள் பாடிக்கொண்டே முறுக்கு பிழிந்தாள். இல்லத்துப் பாட்டுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆன்டி, "பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு, நல்லாத்தானே இருக்கு. நீங்க சொல்லுங்க சவுண்டு, சுருதி சேருதா?" என்றார். தொழில் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. "மேல போறப்போ கொஞ்சம் பிசிறுது ஆன்டி" என்றேன்.

உள்ளே பாட்டு நின்றது. ஆன்டி கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்தபடி இருந்தார். சமையலறை வாசலில் மாவுக் கையோடு மகள் வந்து நின்றாள். அன்பரே, அன்னையே எதுவும் இல்லை. "அங்கிள், ஓசி முறுக்குதானே தின்றீங்க? வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்க லா!" என்றாள்.

அக்கா முதலில் சிரித்தார். ஆன்டி சிரிக்கவில்லை, என் தட்டை வாங்கி, நிறைய முறுக்கை அள்ளி வைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.